பிராக்கெட்டில் என்ன போடுவது

சிஞ்ச்வட், புனே
வியாழக்கிழமை மத்தியானம்

என் செல்லப் பெண் ப்ரியம்வதாவுக்கு அம்மா ஆசீர்வாதம் செய்து எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், எங்கள் வயதில் அதற்குப் பெயர்தான் சௌக்கியம். நீயும் அந்த லீட்ஸ் குளிரில் சளி இருமல் எதுவும் இல்லாமல், வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு நன்றாக இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது சொல்லிக்கொள்கிறேன். அப்படி இல்லையென்றால் இருக்கிறபடியே சொல்லிவிடு. என்னைச் சமாதானப்படுத்த எதையும் சேர்த்துச் சொல்லாதே. ஏற்கெனவே நீ என்னிடம் கொடுத்து வைத்திருப்பதைச் சுமந்தே எனக்கு அலுத்துப்போய்விட்டது.

இந்தக் காலத்தில் எதற்குக் காகிதமும் பேனாவும் என்று கேட்பாய். போனில் எப்படிப் பேசுவது, நீயே சொல். நீ கூப்பிட்டால் அப்பா உடனே ஸ்பீக்கரில் போடு என்கிறார். நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டு, அதிகம் பேசாமல், நீ வைக்கும் வரைக்கும் கேட்டுக்கொண்டே இருக்கிறார். போனைச் சமையலறைக்கு எடுத்துக்கொண்டு போனால் தண்ணீர் குடிக்க அங்கேயும் வந்து நிற்கிறார். வாட்ஸ்அப்பில் எழுதலாமென்றால் என் போனுக்கு வருவதெல்லாம் அவருடைய டேப்லெட்டிலும் வருகிறது, சபா வேலைக்கு வசதி என்று யாரையோ பிடித்து அப்படிச் செய்து வைத்திருக்கிறார். அதனால் நம் மிருதங்கம் சந்திரமௌலி ஆபீஸ் வேலையாக ஞாயிற்றுக்கிழமை லண்டன் போகிறான், அங்கிருந்து உன்னை வந்து பார்ப்பான் என்று தெரிந்ததும், பொடி டப்பாக்களோடு ஒரு கடிதத்தையும் வைத்துவிடுவது என்று முடிவு பண்ணினேன். கவரைப் பசை போட்டு ஒட்டி அதன் மேல் செலோடேப்பும் ஒட்டிவிடுவேன். அவன் நல்லவன்தான், ஆனால் தாளம் போட்டுப் பழகிய கை சும்மா இருக்காது. நீ தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய் என்று பெரிய எழுத்தாக எழுதுகிறேன். மெதுவாகப் படி, ஆனால் நடுவில் விட்டுவிடாதே, முக்கியமானது கடைசியில்தான் இருக்கிறது.

வீட்டுச் செய்தி சொல்கிறேன். லிஃப்ட் மறுபடியும் நின்றுவிட்டது. சொசைட்டி மீட்டிங்கில் ஒருவரை ஒருவர் குற்றம் சொல்லி முடித்துவிட்டு எல்லோரும் படியேறி வீட்டுக்குப் போனார்கள். என் முட்டி ஏறும்போது பேசாமல் இருக்கிறது, இறங்கும்போதுதான் படுத்துகிறது. டேங்கர் வராத நாளில் குழாயில் தண்ணீர் கிடையாது. வீட்டு வேலைக்கு வருகிற நம் பாயி பேத்தி கல்யாணத்துக்குச் சாத்தாரா போனவள் இன்னும் வரவில்லை. போன் பண்ணினால் உத்யா நக்கி, உத்யா நக்கி என்கிறாள், அவளுடைய அந்த நாளைக்கு நிச்சயம் எப்போது வருமோ தெரியவில்லை. பாத்திரமும் நான்தான், பெருக்குவதும் நான்தான். இதற்கு நடுவில் பிப்ரவரி உற்சவம் வேறு தலைக்கு மேல் நிற்கிறது. வருஷா வருஷம் போலவே வெளியூர் வித்வான்கள் நம் வீட்டில்தான் தங்குகிறார்கள், ஹோட்டல் போட சபாவில் வசதி இல்லை. ஒருவருக்கு மிளகு ரசம், ஒருவருக்கு ரசமே ஆகாது. ஒருவருக்கு மின்விசிறி வேண்டாம், ஒருவருக்கு அது இல்லாவிட்டால் தூக்கம் வராது. நீ சின்னவளாக இருந்தபோது இதெல்லாம் எனக்குப் பெருமையாக இருந்தது. இப்போது மெத்தைகளை வெயிலில் போட மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போகும்போது, இந்த வருஷத்தோடு போதும் என்று வாய்விட்டே சொல்கிறேன். அப்பா காதில் விழாததுபோல் இருக்கிறார்.

இப்போது நோட்டீஸ் சமாசாரத்துக்கு வருகிறேன். அதற்காகத்தான் இந்தக் கடிதமே. உற்சவ நோட்டீஸில் அப்பா ஒவ்வொருவர் பெயருக்குப் பக்கத்திலும் பிராக்கெட்டில் அவர்கள் வேலையைப் போடுவார் என்று உனக்குத் தெரியும். அது எப்படி வந்தது என்று தெரியுமோ என்னவோ. நீ பிறப்பதற்கு முன்னால் நம் சபாவில் வயலின் வாசிக்க இரண்டு கோவிந்தராஜன்கள் இருந்தார்கள், ஒருவர் வங்கியில், ஒருவர் ரயில்வேயில். நோட்டீஸைப் பார்த்து யார் என்று தெரியாமல் இரண்டு பேரும் ஒரே கச்சேரிக்கு வயலினைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். அடுத்த தடவை அப்பா ஒருவர் பெயருக்குப் பக்கத்தில் வங்கி என்றும் இன்னொருவருக்கு ரயில்வே என்றும் போட்டார். உடனே மற்றவர்களுக்குக் கோபம், எங்களுக்கு மட்டும் ஏன் இல்லை, நாங்கள் என்ன வேலை வெட்டி இல்லாதவர்களா என்று. அதிலிருந்து எல்லோருக்கும் பிராக்கெட். கஞ்சிரா முகமது இஸ்மாயிலுக்கு டயர் கடை, கோந்த்வா என்று போடுவோம். அவருக்கு அதில் எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? கச்சேரி முடிந்து கைகழுவுகிற இடத்திலேயே நாலு மாமாக்கள் அவரிடம் ஸ்கூட்டர் டயரைப் பற்றி விசாரிப்பார்கள். சந்திரமௌலிக்கு அவன் கம்ப்யூட்டர் ஆபீஸ் இருக்கிற ஹிஞ்சேவாடி என்று மட்டும்தான் போடுவார் அப்பா, அதற்குமேல் அவன் அங்கே என்ன செய்கிறான் என்று அவனுக்கே சொல்லத் தெரியவில்லை. ஆபீஸ் கேபிலிருந்து இறங்கி மிருதங்கத்தோடு மேடைக்கு ஓடி வருவான், கழுத்தில் ஐடி கார்டு தொங்கிக்கொண்டிருக்கும், இஸ்மாயில்தான் கழற்றி ஜேபியில் போடுவார். பகலெல்லாம் ஒரு வேலை, சாயந்திரம் பாட்டு, நம் ஊர் சபாவில் எல்லோரும் அப்படித்தான்.

அவர்களில் யாராவது பெரிய ஆளாகிச் சென்னையில் மேடை கிடைத்து வேலையை விட்டுவிட்டால் அப்பா பிராக்கெட்டை எடுத்துவிடுவார். நம் வீட்டில் அதையே ஒரு பேச்சாக வைத்துக்கொண்டோம், அவருக்கு பிராக்கெட் போயாச்சு என்றால் பிரபலம் ஆகிவிட்டார் என்று அர்த்தம். நீ பாவாடை கட்டிக்கொண்டு பாடும்போதே அம்மா எனக்கு எப்போ பிராக்கெட் போகும் என்று கேட்டவள், உனக்கு முதலில் பிராக்கெட் வரட்டும் என்று அப்பா சிரிப்பார்.

போன வருஷம் வனஜா வந்தபோது நடந்ததை உன்னிடம் முழுசாகச் சொல்லவில்லை. வனஜாவை உனக்கு ஞாபகம் இருக்கும், கோந்த்வாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்துகொண்டு நம் சபாவில் பாடியவள், விடைத்தாள் கட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சுருதி சேர்ப்பாள். இப்போது அவள் சென்னையில் எவ்வளவு பெரிய பாடகி என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பழைய பாசத்தில் நம் உற்சவத்துக்கு வர ஒப்புக்கொண்டாள். அப்பா சந்தோஷத்தில் பழைய நோட்டீஸைப் பார்த்து அப்படியே அச்சுக்குக் கொடுத்துவிட்டார், வனஜா, பிராக்கெட்டில் பள்ளி ஆசிரியை, கோந்த்வா. அவளுடைய கச்சேரிகளைக் கவனிக்கிற மேனேஜர் ஒருவர் சென்னையிலிருந்து போன் பண்ணினார். "சார், மேடத்துக்கு இந்த மாதிரியெல்லாம் போடறது நன்னாயில்லை, உடனே எடுத்துடுங்கோ" என்றார். நோட்டீஸ் எல்லாம் அச்சாகி வந்துவிட்டது. அப்பாவும் நானும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து வெள்ளை ஸ்டிக்கரைக் கத்தரித்துக் கத்தரித்து ஒவ்வொரு நோட்டீஸிலும் அந்தப் பிராக்கெட்டின் மேல் ஒட்டினோம். இஸ்மாயில் உதவிக்கு வந்தவர் கொஞ்சம் ஒட்டிவிட்டு, "என்னுதுமேல ஒட்டிடாதீங்க சார், அதை எடுத்துட்டா நான் யாருன்னு யாருக்குத் தெரியும்" என்றார். அவர் வேடிக்கையாகச் சொன்னது, ஆனால் அப்பா சிரிக்கவில்லை.

வனஜா வந்தாள், நம் வீட்டில்தான் தங்கினாள். காலையில் காபி குடித்துக்கொண்டே மேஜையில் கிடந்த நோட்டீஸை எடுத்துப் பார்த்தவள், தன் பெயருக்குப் பக்கத்தில் வெள்ளையாக இருந்ததை நகத்தால் சுரண்டினாள். சுரண்டி, அடியில் இருந்ததைப் படித்தாள். பிறகு, "இதை ஏன் மாமி மறைச்சேள்?" என்று கேட்டாள். உங்கள் மேனேஜர்தான் என்று நான் இழுத்தேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "எல்லா பேட்டியிலயும், வேலையில மாட்டிண்டு சங்கீதத்தை விட்டு விலகி இருந்தேன்னு சொல்லிண்டிருக்கேன் மாமி. அவாளுக்கு அப்படிச் சொன்னாத்தான் பிடிக்கறது. நெஜமா பார்த்தா அப்போதான் நன்னாப் பாடினேன். வாரம் பூரா கணக்குச் சொல்லிக் குடுத்துட்டு ஞாயித்துக்கிழமை எப்போ வரும்னு பாடறதுக்கு ஏங்குவேன். இப்போ தினம் பாடறேன், ஏக்கம்தான் இல்லை." சொல்லிவிட்டு ஸ்டிக்கரை மறுபடியும் கட்டை விரலால் அழுத்தி ஒட்டிவைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டாள். சாயந்திரம் மேடையில் அவளைப் பற்றி யார் யாரோ பேசினார்கள், பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. கச்சேரி ரொம்ப நன்றாக இருந்தது. எனக்குத்தான் அந்த நகம் சுரண்டின சத்தம் காதிலேயே இருந்தது.

இதையெல்லாம் எதற்கு இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், இந்த வருஷம் நோட்டீஸில் உன் பெயர் வருகிறது. நீ பிப்ரவரியில் வருகிறேன், நம் சபாவில் ஒரு சாயந்திரம் பாடுகிறேன் என்று சொன்ன நாளிலிருந்து அப்பா தரையில் நடக்கவில்லை. எனக்கோ உன் பிராக்கெட்டை நினைத்தால் பயம். நீ கம்பெனி வேலை போனதையும், பார்சல் கட்டுகிற குடோனில் சேர்ந்ததையும் என்னிடம் மட்டும் சொன்னாய், அப்பாவிடம் நானே நேரம் பார்த்துச் சொல்கிறேன், நீ சொல்லிவிடாதே என்றாய். சரி என்றேன். அந்த நேரம் வருகிறது, வருகிறது என்று நானும் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், நம் பாயியின் உத்யா மாதிரி. நீ என்ன செய்கிறாய் என்று யார் கேட்டாலும் கம்ப்யூட்டர்தான் என்கிறேன். கோயிலில் கேட்கிறார்கள், காய்கறி வண்டியில் கேட்கிறார்கள், உன் பாட்டு வீடியோ எல்லோர் போனிலும் வந்த பிறகு இன்னும் அதிகமாகக் கேட்கிறார்கள். லிஃப்ட் ஓடுகிற நாளில் லிஃப்டில் யாராவது போட்டுக் காட்டுகிறார்கள், உங்க பொண்ணா இது, ஆபீஸ் வேலையும் பார்த்துண்டு இப்படிப் பாடறாளே என்று. ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து உட்கார்ந்துகொள்கிறேன். உன்மேல் எனக்குக் கோபம்தான் ப்ரியா, ஒளித்து என்ன பிரயோஜனம். குடோன் வேலை பார்க்கிறாய் என்று கோபமில்லை. உன் முதுகு வலிக்கிறதே, விரலெல்லாம் அட்டை கிழித்துக் கீறல் விழுகிறதே என்று அழுகைதான் வருகிறது. ஷிஃப்ட் தொடங்குவதற்கு முன்னால் அந்த நீளக் கொட்டகையின் கோடியில் நின்றுகொண்டு சாதகம் பண்ணுகிறேன், குரல் போய்த் திரும்பி வருகிறது என்று ஒரு நாள் சொன்னாயே, அதை நினைத்துப் பெருமையாகவும் இருக்கிறது. ஆனால் அந்தப் பெருமையை வீட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மனுஷரிடம் சொல்ல முடியாமல் வைத்துவிட்டாயே, அதற்குத்தான் கோபம்.

செவ்வாய்க்கிழமை சாப்பிட்டு முடித்து அப்பா நோட்டீஸ் எழுத உட்கார்ந்தார். அச்சகத்துக்காரருக்கு அடுத்த வார முடிவில் கொடுத்தால் போதுமாம், ஆனாலும் அவருக்குப் பரபரப்பு. எல்லோர் பெயரையும் பேனாவில் எழுதினார், பிராக்கெட்டோடு. உன் பெயரைக் கடைசியாக எழுதினார், எழுதிவிட்டுப் பேனாவை மூடிவைத்தார். இப்போது கேட்பார், அந்தக் கம்பெனி பெயர் என்ன என்று கேட்பார் என்று நான் பயந்துகொண்டே இருந்தேன். கேட்பதற்கு முன்னால் நாமே முந்திக்கொள்வோம் என்று, "ப்ரியாவுக்கு பிராக்கெட் வேண்டாமே, அவளும் இப்போ வனஜா மாதிரிதானே, ஊரே கேட்டாச்சு, ஏப்ரல்ல லண்டன்ல அவ்வளவு பெரிய மேடையில பாடப்போறா" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அப்பா கண்ணாடியைக் கழற்றி வேஷ்டியில் துடைத்தார். மேஜை டிராயரைத் திறந்து ஒரு பென்சிலை எடுத்தார். உன் பெயருக்குப் பக்கத்தில் பிராக்கெட் போட்டு நிதானமாக எழுதினார். எழுதிவிட்டுத் தாளை என் பக்கமாகத் திருப்பி வைத்தார். பார்சல் குடோன், லீட்ஸ் என்று இருந்தது.

யார் சொன்னா என்று கேட்டேன். "யாரும் சொல்லலை. காலம் பூரா தேஹு ரோடு டெப்போல ஸ்டோர்ஸ் பார்த்தவனுக்கு குடோன் சத்தம் தெரியாதா? அவ பேசறப்போ பின்னாடி லாரி ரிவர்ஸ் எடுக்கறது, யாரோ டேப்பை சர்ர்னு இழுத்துக் கிழிக்கறா, தள்ளுவண்டி சக்கரம் கீச்சுங்கறது. உசரமான தகரக் கூரைக்கு அடியில நின்னு பேசினா குரல் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும் நீலா. கம்ப்யூட்டர் ஆபீஸ்ல எங்கேர்ந்து வந்தது தகரக் கூரை?" என்றார். அப்போதுதான் எனக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. போன வருஷம் நீ முதுகு வலி என்று சொன்னபோது அவர் ஸ்பீக்கரில் குனிந்து, முட்டியை மடக்கி உட்கார்ந்து தூக்கு, பாரத்தை மார்போடு அணைச்சுக்கோ, இடுப்பைத் திருப்பாதே, காலைத் திருப்பு என்றாரே. கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிற பெண்ணுக்கு இது என்ன வைத்தியம் என்று நான் சிரித்தேன். நீயும் சரிப்பா என்று மட்டும்தான் சொன்னாய், எதற்கு என்று நீயும் கேட்கவில்லை. அடி தடித்த ஷூ வாங்கிக்கோ, சாக்ஸ் இரண்டு ஜோடி போட்டுக்கோ என்று அவர் சொன்னதெல்லாம் குளிருக்கு என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அத்தனை நாளாகத் தெரியும் அவருக்கு.

தெரிந்துமா ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று எனக்குக் கோபம் வந்துவிட்டது. நான் ஒருத்தி ஊரெல்லாம் பொய் சொல்லிக்கொண்டு திரிகிறேன், நீங்கள் பேசாமல் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தீர்களா என்று சண்டை போட்டேன். அவர் பதிலுக்குச் சண்டை போடவில்லை. "அவளா சொல்லட்டும்னு காத்துண்டிருக்கேன். ஒவ்வொரு தடவை போன் வரச்சேயும், இன்னிக்குச் சொல்லுவா, இன்னிக்குச் சொல்லுவான்னு நாற்காலியைப் போட்டுண்டு உட்கார்றேன். நீ போனை எடுத்துண்டு உள்ளே போயிடறே" என்றார். ப்ரியா, நான் அந்த நாற்காலியை எவ்வளவு திட்டியிருக்கிறேன் தெரியுமா. ஒட்டுக் கேட்கிறார், நம்மைத் தனியாகப் பேச விடமாட்டேன் என்கிறார் என்று உன்னிடமே புலம்பியிருக்கிறேன். நீ உன் வாயால் சொல்லும்போது பக்கத்தில் இருக்க வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறார் மனுஷர்.

சரி, தெரிந்ததோடு போகட்டும், அதை நோட்டீஸில் போட வேண்டுமா என்று கேட்டேன். உறவுக்காரர்கள் எல்லோருக்கும் போகிற நோட்டீஸ், கோயில் வாசலில் ஒட்டுகிற நோட்டீஸ். கம்பெனி என்று பொதுவாகப் போட்டுவிடுங்கள், இல்லை ஒன்றுமே போடாமல் விட்டுவிடுங்கள், வனஜாவுக்கு விட்டோமே என்றேன். அவர் சொன்னதை நான் இரண்டு நாளாக மனசிலேயே வைத்துக்கொண்டிருக்கிறேன். "வனஜாவுக்கு நாம விடலை, ஒட்டி மறைச்சோம். பொய் போட என்னால முடியாது, இஸ்மாயிலுக்கு டயர் கடைன்னு போட்டுட்டு என் பொண்ணுக்கு மட்டும் வெத்தா விடவும் முடியாது. அது மட்டும் இல்லை நீலா. ஏப்ரல்ல அவ லண்டன்ல பாடினாள்னா அப்புறம் அவளுக்கும் ஒரு மேனேஜர் வருவார். யாரும் என்னை இதைப் போட விடமாட்டா. அவளுக்கு பிராக்கெட் போறது நிச்சயம். போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை அது என் நோட்டீஸ்ல வரணும்" என்றார். நான் அடுப்பைப் பார்க்கிற சாக்கில் உள்ளே போய்விட்டேன், அடுப்பில் ஒன்றும் இல்லை.

இருந்தாலும் பென்சிலில்தான் எழுதியிருக்கிறார். அவ என்கிட்டச் சொல்லாத விஷயத்தை நான் எப்படி அச்சடிக்க முடியும் என்கிறார். அச்சகத்துக்குக் கொடுக்கிற நாள் வரைக்கும் அது அப்படியே இருக்குமாம், நீ சொல்லாவிட்டால் அழித்துவிடுவாராம், அழித்துவிட்டு உன் பெயரை மட்டும் போடுவாராம். உன்னிடம் இதைப் பற்றி மூச்சு விடக்கூடாது என்று எனக்குக் கண்டிப்பான உத்தரவு. நானும் சரி என்றேன். உனக்கும் சரி என்றேன், அவருக்கும் சரி என்றேன், நடுவில் நான் ஒருத்தி எத்தனை சரிதான் சொல்வது. எனக்கு இனிமேல் முடியாது. இந்த ரகசியத்தை உன்னிடமே திருப்பிக் கொடுத்துவிடுகிறேன், கொண்டு போய் அப்பாவிடம் கொடு. நோட்டீஸில் வேண்டாம் என்று நீ நினைத்தால் வேண்டாம் என்று சொல், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார், ரப்பர் பென்சிலுக்குப் பின்னாலேயே இருக்கிறது. போடு என்றாலும் சொல். எதுவானாலும் சொல்வது நீயாக இருக்க வேண்டும், அவரிடம் நேராகச் சொல்ல வேண்டும். கோயிலிலும் காய்கறி வண்டியிலும் நான் என்ன சொல்லிக்கொள்வது என்று கவலைப்படாதே. அவர்கள் இரண்டு நாள் பேசுவார்கள், பிறகு லிஃப்டைப் பற்றிப் பேசப் போய்விடுவார்கள்.

பையில் இருப்பவை: பருப்புப் பொடி, மிளகாய்ப் பொடி, வத்தக்குழம்புக்கு வறுத்து அரைத்த பொடி, சக்லி முறுக்கு ஒரு டப்பா. சக்லி கடையில் வாங்கியது, இந்த வருஷம் பிழிய எனக்குக் கையில் தெம்பில்லை. சந்திரமௌலிக்கு அதில் பங்கு கொடுத்தாகிவிட்டது, அவன் கேட்டால் கொடுக்க வேண்டாம். எல்லாவற்றுக்கும் அடியில் பழைய துண்டில் சுற்றி ஒரு ஜோடி தோல் கையுறை இருக்கும், அப்பா டெப்போவில் போட்டுக்கொண்டது, பரணிலிருந்து தேடி எடுத்து எண்ணெய் போட்டுத் துடைத்திருக்கிறார். நான் பையைக் கட்டிவைத்த பிறகு பிரித்து உள்ளே வைத்திருக்கிறார், இன்று காலை பை கனமாக இருக்கிறதே என்று பார்த்தபோதுதான் எனக்குத் தெரியும். உனக்குப் பெரிதாகத்தான் இருக்கும். பரவாயில்லை, போட்டுக்கொள், விரல் பிழைக்கும்.

ராத்திரி ஈரத் தலையோடு படுக்காதே. வெறும் ரொட்டியில் காலத்தை ஓட்டாதே, ஒரு நாளைக்கு ஒரு வேளையாவது சாதம் வை. மேடைக்குப் போகும் நாளில் குளிர்ந்த தண்ணீர் குடிக்காதே, குரலை விட்டுவிட்டு வேறு எதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளப் போகிறாய். உனக்கு எல்லா நன்மையும் வரட்டும், நீ நினைத்த மேடையெல்லாம் கிடைக்கட்டும், உன் முதுகு வலி தீரட்டும். அப்பாவும் நானும் மனசாரச் சொல்கிற ஆசீர்வாதம் இது, அப்பா இந்தக் கடிதத்தைப் பார்க்கவில்லை என்றாலும் அவரையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

இந்தக் கடிதம் கிடைத்ததும் எனக்குப் பதில் எழுத வேண்டாம். ஷிஃப்ட் நடுவில் சாப்பாட்டு வேளையில் எப்போதும் கூப்பிடுவாயே, அப்படியே அந்தச் சத்தத்துக்கு நடுவிலிருந்தே கூப்பிடு. ஸ்பீக்கரில் போடு என்பார், போட்டுவிடுகிறேன். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவார். நான் சமையலறையிலேயே இருப்பேன், அவரைப்போல் தண்ணீர்ச் சாக்குச் சொல்லிக்கொண்டு வந்து நிற்கமாட்டேன்.

உன் வரவை எதிர்பார்த்திருக்கும்
அம்மா
நீலா சூர்யநாராயணன்